அலுவலக நகலில் இல்லாத நாற்பத்தொரு பேர்

செஞ்சி,
சித்திரை மாதம், புதன்கிழமை காலை.

அனுப்புநர்: விருஷபதாஸ், தபால் பிரிவுக் கண்காணிப்பாளர் (ஓய்வு), செஞ்சி.
பெறுநர்: திரு. தேவராஜ், என் மனைவியின் அண்ணன், வந்தவாசி.
பொருள்: கிருத்திகா திருமணம் – முதல் அழைப்பு – தங்களுக்கு 29-ஆம் இடம் அளிக்கப்பட்டது – மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: கடந்த சனிக்கிழமை மாலை 4.12 மணிக்குத் தாங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறியது.

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

அருகன் அருளால் இங்கே நானும் மகள் கிருத்திகாவும் சுகம். உங்கள் தங்கையும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். நாலு நாளாக என்னிடம் பேசாததால் நேரில் கேட்டு எழுத முடியவில்லை. பாத்திரம் விழுகிற சத்தத்தை வைத்துப் பார்த்தால் உடம்பில் தெம்பு ஒன்றும் குறையவில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமா, மணிலாக்கொட்டை இந்தத் தடவை நன்றாகக் காய் பிடித்திருக்கிறதா, உங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் போனில் கேட்கலாம் என்று சனிக்கிழமையிலிருந்து இன்று காலை வரை இருபத்தாறு தடவை அடித்தேன். ஒரு பெண் மூன்று மொழியிலும் நீங்கள் கிடைக்கவில்லை என்று சொல்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள். நம் ஜனங்களுக்குக் கல்யாணம் என்றைக்கு, எந்த மண்டபம் என்பதெல்லாம் ரெண்டாம்பட்சம்தானே மச்சான். பத்திரிகையை யாருக்கு முதலில் கொடுத்தாய் என்பதுதான் முதல் கேள்வி. என் தம்பி மகள் கல்யாணத்தில், மேல்சித்தாமூரில் இருக்கிற எங்கள் பெரியப்பா மகன் ஜீவரத்தினம் அண்ணனுக்குச் செவ்வாய்க்கிழமை பத்திரிகை வைத்தோம். திண்டிவனத்துக்காரருக்குத் திங்கட்கிழமையே வைத்துவிட்டோம் என்று எப்படியோ அவர் காதுக்குப் போய், பெண் வீட்டுக்காரராக வந்த மனிதர் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் போய் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து எங்களைக் குறை சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை அப்படி ஒரு பேச்சு வரக்கூடாது என்று தை மாதத்திலிருந்தே எனக்கு டென்ஷன். அப்படி இருக்கும்போதுதான் போன வாரம் கிருத்திகா சென்னையிலிருந்து லீவில் வந்தாள். அச்சடித்த பத்திரிகை கைக்கு வர ஒரு வாரம் ஆகும், அதுவரை இதை அனுப்பிக்கோ என்று படமாக ஓர் அழைப்பிதழை என் மெயிலில் போட்டுக் கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதற்கும் காலை வணக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது, மரியாதை இல்லை என்றேன். "அப்ப மெயில்லயே அனுப்பு நைனா. எல்லாரையும் பிசிசில போட்டுடு. யாரு யாருக்குப் போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டுந்தான் வந்துதுன்னு நெனச்சுப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டு லேப்டாப்பில் அவள் ஆபீஸ் வேலையைப் பார்க்க மாடிக்குப் போய்விட்டாள்.

முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். கடிதத்தின் அடியில் 'நகல்' என்று போட்டு யார் யாருக்குப் போகிறது என்று வரிசையாக எழுதியாக வேண்டும், அந்த வரிசையில் யார் பெயர் மேலே யார் பெயர் கீழே என்று வருஷத்துக்கு ஒரு சண்டையாவது வரும். ஒருத்தருக்கும் தெரியாமல் ஊர் முழுக்க நகல் அனுப்ப ஒரு வழி இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் ரெண்டு பிரமோஷன் வாங்கியிருப்பேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உட்கார்ந்து எழுதினேன்: "அழைப்பிதழ் கைக்கு வந்ததும் முதன்முதலாகத் தங்களுக்குத்தான் அனுப்புகிறேன். மற்றவர்களுக்கெல்லாம் இனிமேல்தான்." இந்த வாசகத்தை நாற்பத்தொரு பேருக்கு அனுப்பினால் அது பொய் ஆகாதா, சமணராக நாம் எடுத்துக்கொண்ட அணுவிரதத்தில் பொய் சொல்லாமையும் ஒன்றாயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். எல்லோருக்கும் ஒரே நொடியில் போகிறபோது எல்லோருமே முதல்தானே, ரெண்டாவது என்று ஒருத்தர் இருந்தால்தானே பொய் என்று முடிவு செய்தேன். 'மற்றவர்களுக்கெல்லாம் இனிமேல்தான்' என்ற வாக்கியத்துக்கு மட்டும் இன்னும் சமாதானம் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, அனுப்புகிற பட்டனை உங்கள் தங்கை கையாலேயே அழுத்தச் சொன்னேன். பெறுநர் என்ற இடத்தை வெறுமையாக விட எனக்கு மனசு வரவில்லை. அதனால் அந்த இடத்தில் என் முகவரியையே போட்டுக்கொண்டேன். எந்தக் கடிதம் வெளியே போனாலும் அலுவலக நகல் ஒன்று ஃபைலில் இருக்க வேண்டும், அதில் எல்லா விவரமும் இருக்க வேண்டும், நாளைக்கு யாராவது எனக்கு வரவில்லை என்று சொன்னால் அதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் நடந்தது. அனுப்பிய மறுநிமிடம் அலுவலக நகல் எனக்கு வந்து சேர்ந்தது. திறந்து பார்க்கிறேன், அனுப்புநர் விருஷபதாஸ், பெறுநர் விருஷபதாஸ். அவ்வளவுதான் மச்சான். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாற்பத்தொரு பேரில் ஒருத்தரைக்கூடக் காணோம். என் மகள் கல்யாணத்துக்கு என்னை நானே முதன்முதலாக அழைத்திருக்கிறேன், மற்றவர்களுக்கெல்லாம் இனிமேல்தான். சரி, எங்கேயோ தவறிவிட்டது என்று மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் நான் மட்டும். மூன்றாவது தடவை ஒவ்வொரு முகவரியாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினேன். அப்போதும் நான்தான் வந்தேன்.

போனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற வளர்மதியிடம் ஓடினேன். பென்ஷன்காரர்களின் உயிர்ச் சான்று முதல் பட்டா நகல் வரைக்கும் இந்த ஊருக்கே அவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள். கோட்டையைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் நாலு பேர் டிக்கெட் விவரம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் தலையை நீட்டினேன்.

"இன்னா சார், மறுபடியும் உயிர்ச் சான்றா?"

"இல்லம்மா. நாப்பத்தோரு பேரக் காணோம்."

"போலீஸ் ஸ்டேசன் அந்தாண்ட இருக்குது சார்" என்றாள், சிரிக்காமல்.

விஷயத்தைச் சொன்னேன். போனை வாங்கிப் பார்த்தாள். "சார், இது உங்களுக்கு வந்த காப்பி. பிசிசில போட்டவங்க பேரு வந்த காப்பில காட்டாது. காட்டக்கூடாதுன்னுதான அதுல போடறதே. 'அனுப்பியவை'ன்னு தனியா ஒண்ணு இருக்குது, அதுல போய்ப் பாத்தா இருக்கும்" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அலுவலக நகலில் இல்லாத பெயர் வேறு எங்கேயும் இருக்க முடியாது என்று சொன்னேன்.

"இன்னா ஆபீஸ் காப்பி? அத யாரு சார் அனுப்புனது?"

"நான்தான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் மேலே ஃபேனைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது, அதோடு கடையில் இருந்த வைஃபையும் போய்விட்டது. என் போனில் டேட்டா காலி. "கரண்ட் வந்ததும் வா சார், காட்டறேன்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள் எனக்கு டெஸ்பாட்ச் கற்றுக்கொடுப்பதா, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்க எனக்குத் தெரியாதா என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மச்சான், அந்தக் கரண்ட் இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

ஆபீசில் சுற்றறிக்கை என்று ஒன்று வரும். அடியில் எல்லார் பெயரும் வரிசையாக இருக்கும், படித்தவர் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு அடுத்த மேஜைக்கு அனுப்புவார். யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதே வழிதான் சரி என்று சனிக்கிழமை மத்தியானம் போனுக்கு டேட்டா போட்டுக்கொண்டு, 'முதல் அழைப்பு – சரிபார்ப்பு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, நாற்பத்தொரு பேரையும் அதில் சேர்த்து, இப்படி எழுதினேன்: "கீழ்க்கண்ட நாற்பத்தொரு பேருக்கும் நேற்று முதல் அழைப்பு அனுப்பப்பட்டது. அலுவலக நகலில் பெயர்கள் காணப்படாததால், கிடைக்கப்பெற்றவர்கள் தம் பெயருக்கு நேரே 'பார்த்தேன்' என்று குறிப்பிடவும்." அதற்குக் கீழே என் நோட்டில் இருந்த வரிசைப்படியே பெயர்களை இறக்கினேன். அந்த வரிசை வயதுப்படியோ உறவுப்படியோ எழுதியது இல்லை மச்சான், இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். பின்னால் அச்சடித்த பத்திரிகையை நேரில் கொடுக்கப் போகும்போது அலைச்சல் குறையட்டும் என்று பஸ் போகிற வழியாக எழுதிவைத்த நோட்டு அது. செஞ்சியில் தொடங்கி மேல்சித்தாமூர், திண்டிவனம், தெள்ளார் என்று வந்தால் வந்தவாசி இருபத்தொன்பதாவதாகத்தான் வரும். பஸ்ஸே அப்படித்தான் போகிறது, நான் என்ன செய்ய. காஞ்சிபுரத்துக்காரர்கள் உங்களுக்கும் கீழே இருந்தார்களே, அதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

அனுப்பிய மறுநொடி என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அப்போதும் புரியவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்ற திருப்தியில் டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் தெள்ளார் லட்சுமியம்மாள் சித்தி 'பார்த்தேன்' என்று போட்டார்கள், அடுத்து 'நீங்க யாரு' என்று போட்டார்கள். பிறகு ஜீவரத்தினம் அண்ணன் பேசியே அனுப்பினார். "தம்பி, மொத அழைப்பு எனக்கு மட்டும் மூணு தபா வந்துது. நாப்பத்தோரு பேருக்கு மூணுன்னா நூத்தி இருபத்திமூணு மொத அழைப்பு. உங்க வூட்ல ரெண்டாவதுன்றதே கெடையாதா? நான் இந்த வாட்டி எந்த வரிசைல ஒக்காரணும்னு நீயே சொல்லிடு" என்று அவர் கேட்டு முடித்தபோதுதான் டீ எனக்குப் புரையேறியது. அதற்குள் நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதாமல் போய்விட்டீர்கள். 'தேவராஜ் வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. உங்களைப் பார்த்துவிட்டு இன்னும் பத்துப் பேர் வெளியேறினார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போய்விட்டு மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள்.

உங்கள் விஷயம் அப்படி இல்லை. கிருத்திகாதான் அந்த வரியை முதலில் பார்த்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்து, "நைனா, மாமா வந்து கையப் புடிச்சுக் கூட்டினு போனாத்தான் நான் மேடைக்குப் போவேன். வேற யாரு புடிச்சாலும் வர மாட்டேன்" என்றாள். அதட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் தங்கை என்ன சொன்னாள் என்பதை முழுக்க எழுத முடியாது. "எங்க அண்ணன் வராத கல்யாணத்துக்கு நீயே மாப்ள, நீயே பொண்ணு, நீயே பெறுநர்" என்றது கடைசி வாக்கியம். அதற்குப் பிறகு பேச்சு நின்றது.

மச்சான், வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் இல்லாத மேடையில் என் மகள் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு ஏழு வயதில் டெங்கு வந்து புதுச்சேரியில் சேர்த்திருந்தபோது, நான் ஆபீசில் ஆடிட் என்று போய்விட்டேன். ஒன்பது நாள் நீங்கள்தான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். களையெடுக்க ஆள் வைத்திருந்த நேரம், நிலத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தீர்கள். அதற்கு நான் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். இருபத்தொன்பதாவது இடத்தில் வைக்க வேண்டிய மனிதர் இல்லை நீங்கள்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்ல முடியும். சுற்றறிக்கையில் வரிசை எப்படி இருந்தாலும், மெயிலில் நான் முதலில் அடித்தது உங்கள் முகவரியைத்தான். என் விரலுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காட்டாத நகல் என்பதால் அத்தாட்சி எதுவும் இல்லை, எனக்கும் அருகனுக்கும் மட்டும்தான் தெரியும். ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து தங்கள் வெளியேற்றத்தை மறுபரிசீலனை செய்து, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்திருந்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்திக் கொடுக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல படிப்பும் நீண்ட ஆயுசுமாக இருக்க எங்கள் ஆசி. உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட பிரார்த்தனை.

தங்கள் உண்மையுள்ள,
விருஷபதாஸ்

நகல்: அலுவலகக் கோப்புக்கு.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு அலுவலக நகல் எடுக்க வளர்மதி கடைக்குப் போனேன். "இன்னைக்குக் கரண்ட் இருக்குது சார், அந்த மெயிலக் குடு" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். 'அனுப்பியவை'க்குள் போய், என் பெயருக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு இருந்த ஓர் அம்புக்குறியைத் தொட்டாள். பெயர்கள் மடமடவென்று இறங்கின. அவள் ஒரு தடவை எண்ணினாள், நான் மூன்று தடவை எண்ணினேன். நாற்பதுதான் இருந்தது. உங்கள் பெயர் இல்லை மச்சான். மூன்று தடவை அனுப்பியதிலும் இல்லை.

வீட்டுக்கு ஓடி வந்து நோட்டைப் பார்த்தேன். இருபத்தொன்பதாவது பெயருக்கு எதிரே உங்கள் தங்கை சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: 'அண்ணனுக்கு மெயில் வேண்டாம். அச்சான முதல் பத்திரிகை, தட்டோடு, நேரில்.' மெயில் அடிக்கும்போது அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் உங்களை விட்டிருக்கிறேன். மறுநாள் சுற்றறிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் இறக்கியிருக்கிறேன். ஆக, அனுப்பாத அழைப்பு வந்ததா என்று நாற்பது பேர் முன்னால் உங்களைக் கேட்டிருக்கிறேன். இருபத்தொன்பதாவது இடத்தைப் பற்றி மேலே எழுதிய அத்தனையும் ரத்து செய்யப்பட்டதாகக் கருதவும். என் விரலின் ஞாபகத்தையும் சேர்த்து. நாற்பது பேரிடம் சொன்ன பொய்யை உங்களிடம் மட்டும் சொல்லவில்லை, அது ஒன்றுதான் இதில் எனக்கு ஆறுதல். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.

விஷயத்தை உங்கள் தங்கையிடம் சொன்னேன். நாலு நாள் கழித்து வாயைத் திறந்தாள். "பத்திரிகக் கட்டு காலைலயே வந்துட்டுது. பொடவ மாத்திக்கினு வரேன், கெளம்பு" என்றாள்.

இந்தக் கடைசி வரிகளை உங்கள் தெருவில், ஆட்டோவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தாததுதான் காரணம். கடிதத்தை உங்கள் கேட்டில் செருகிவிட்டு வந்து மறுபடியும் இதிலேயே உட்கார்ந்துகொள்வேன். கட்டைப் பிரித்து எடுத்த முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு உங்கள் தங்கை பக்கத்தில் இருக்கிறாள். அண்ணன் வெளியே வந்து கூப்பிட்டால்தான் இறங்குவாளாம், நானும் இறங்கக்கூடாதாம். அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவேன் என்று மத்தியானமும் அவள் சாப்பிடவில்லை, அதனால் நானும் சாப்பிடவில்லை. இப்போது மணி அஞ்சு. பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் வாயில் ஒரு பருக்கை போடமாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு ஆறு இருபத்தைந்துக்குச் சாய்கிறது.